பேர் கொடுக்காத வீடு

வெயில் ஏறுவதற்குள் லோலியின் கடைக்கு வந்துவிடுவது டெஸ்மண்டின் வழக்கம். வாசலை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேஜை அவருடையது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. லோலி கேட்காமலே தேநீரும், தக்காளியும் எண்ணெயும் தேய்த்து வாட்டிய ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாள். அவர் இங்கிலாந்துச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அதன் பிறகு அந்தக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு யோசனை அவரிடம் தயாராக இருக்கும்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். மனைவி விலகிப் போய், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, ஸ்பெயினின் வெயிலை நம்பி வந்து, வால்செரேனா ஊருக்கு வெளியே குன்றின்மேல் கட்டியிருந்த வெள்ளை வீடுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டார். குன்றில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். புதிதாக வருகிறவர்கள் கேஸ் சிலிண்டர் எங்கே கிடைக்கும், எந்த பிளம்பர் ஏமாற்றாதவன் என்று அவரிடம்தான் கேட்பார்கள். பக்கத்துத் தெரு கீத் அவருக்குத் 'தூதர்' என்று பெயரே வைத்திருந்தார். கேலிதான் என்று தெரிந்தும் டெஸ்மண்டுக்கு அது பிடித்திருந்தது.

ஜூன் மாதத்தின் ஒரு காலையில் எதிர்வீட்டு பெரில் அந்த மேஜைக்கு வந்து நின்றாள். எழுபதைத் தாண்டிய மெலிந்த பெண். கணவர் கென் இறந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பத்திரமும் தெரிந்தன.

"உக்காரலாமா டெஸ்மண்ட்?"

"தாராளமா உக்காருங்க."

"நகராட்சியில போய், இங்கதான் குடியிருக்கேன்னு பேர் பதியலாம்னு இருக்கேன். கென் இருந்தவரைக்கும், அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்னே நாள் போயிடுச்சு. நீங்க கூட வந்தீங்கன்னா நல்லாருக்கும். எனக்கு அவங்க பாஷை ஓடாது."

கற்றுக்கொள்ள வந்தவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வருகிற முகம் டெஸ்மண்டுக்கு வந்தது.

"எதுக்குங்க உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?"

"மருந்துக்கடைப் பொண்ணு சொன்னா. தனியா இருக்கிறவங்க பேர் குடுத்து வைக்கிறது நல்லதுன்னு."

"அவ சொல்லுவா, அவளுக்கென்ன. ஒரு தடவை பேர் ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான். எங்க இருக்கீங்க, என்ன வச்சிருக்கீங்க, எப்பப் போறீங்க, எப்ப வர்றீங்க, எல்லாம் அவங்க கைக்குப் போயிடும். அப்புறம் அந்த வரி, இந்த வரி, அந்தக் காகிதம், இந்தக் காகிதம்னு நாயா அலைய விடுவாங்க. நான் இத்தனை வருஷமா இங்க இருக்கேன். என் பேர் எந்தப் பதிவுலயும் கிடையாது. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த லோலிக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் இத்தனை வருடக் கடையில் கேட்டுக் கேட்டே எல்லாம் புரியும். அவள் தன் மொழியிலேயே நுழைந்தாள்.

"உங்களுக்குக் குறையல துரை. எங்களுக்குத்தான் குறைஞ்சுது. குன்று பூரா வீடு. நகராட்சிக் கணக்குல பாத்தா ஒரு கல்யாணப் பந்திக்குக் கூட ஆள் காணாதாம். அதனாலதான் மேல வந்துட்டிருந்த பஸ்ஸ நிறுத்துனாங்க. வாரம் ஒருக்கா வந்த டாக்டரையும் நிறுத்துனாங்க. அப்புறம் இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இந்த ஊர்ல ஒண்ணுமே சரியில்லன்னு நீங்கதான் திட்டுறீங்க."

"தூதரையே மடக்கிட்டாடா," என்று ஓரத்து மேஜையிலிருந்து கீத் சிரித்தார்.

டெஸ்மண்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரில் உறையை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ வேண்டாம்கிறீங்களா?"

"உங்க இடத்துல நான் இருந்தா அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டேன்."

"சரி." எழுந்து போகாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கிழமைச் சந்தைக்காவது போவீங்களா?"

"எனக்குக் கூட்டம் ஆகாதுங்க."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து, மேட்டுச் சாலையில் தனியாக ஏறிப் போனாள். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு டெஸ்மண்ட் செய்தித்தாளைப் புரட்டினார்.

அவருடைய யோசனைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இங்கிலாந்துக் கணக்கில் அவர் இன்னும் தங்கை வீட்டில்தான் குடியிருந்தார். அங்கேயுள்ள டாக்டரை விட்டுவிட மனமில்லாமல் அந்த விலாசத்தை அப்படியே வைத்திருந்தார். இங்கே பேர் கொடுத்தால் அங்கே பேர் போய்விடுமோ என்று கலக்கம். அதனால், இல்லாத ஊரில் இருப்பதாகவும், இருக்கிற ஊரில் இல்லாததாகவும் அவருடைய வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்துக்குக் கெட்டிக்காரத்தனம் என்று சட்டை மாட்டி, மற்றவர்களுக்கும் அதையே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் குன்று காலியாகத் தொடங்கியது. வெயிலுக்குப் பயந்து ஒவ்வொருவராகச் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். கீத்தும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கின. நாய்கள் குரைப்பதுகூட நின்றுவிட்டது. டெஸ்மண்ட் போகவில்லை. தங்கை வீட்டில் அவருக்கு விலாசம் இருந்ததே தவிர இடம் இருக்கவில்லை. பெரிலும் போகவில்லை. கென்னை அடக்கம் செய்த இடம் கீழே ஊர்க் கல்லறையில் இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே பூ வைத்துவிட்டு வருவாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தெருதான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெரில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருவாள். டெஸ்மண்ட் தன் வாசலில் இருந்து கையை உயர்த்துவார். அவளும் உயர்த்துவாள். பல வருடமாக அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். கென் இருந்தபோதும் அப்படித்தான், போன பிறகும் அப்படித்தான்.

ஒரு நாள் அவள் வேலியோரம் வந்து கேட்டாள். "ஆட்டுக்கறி ஸ்டூ பண்ணியிருக்கேன் டெஸ்மண்ட். ஒருத்திக்கு மட்டும் அளவா சமைக்க இன்னும் கை பழகல. வாங்களேன்."

"இன்னைக்கு மேட்ச் இருக்கு. இன்னொரு நாள் வர்றேனே."

மேட்ச் என்னவோ இருந்ததுதான். ஆனால் மேட்ச் இல்லாத நாளிலும் அவர் போகவில்லை. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து பேசினால் தானும் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப் பேச ஆரம்பித்தால் எது எது வெளியே வருமோ என்ற கூச்சம். யாருக்கும் யோசனை சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. யாரோடும் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்டில் அனல் வந்து உட்கார்ந்துகொண்டது. காற்று என்பதே இல்லை. தார்ச்சாலை இளகி செருப்பில் ஒட்டியது. லோலி மதியத்துக்கு முன்பே கடையை மூடினாள்.

அந்த நாட்களில் ஒரு காலை, நகராட்சியின் வெள்ளை வண்டி குன்றில் ஏறியது. தனியாக இருக்கிற முதியவர்களை விசாரித்து, தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு வர நகராட்சி ஆளனுப்பியிருந்தது. டெஸ்மண்ட் ஷட்டரின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் இருந்த பெல்ஜியம் நாட்டு அம்மாள் வீட்டில் வண்டி நின்றது. ஓட்டிவந்த பெண் இறங்கி, கதவைத் தட்டி, அந்த அம்மாளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது. பெரில் வீட்டுக்கு முன்னால் இன்னும் வேகம் குறைந்தது. ஓட்டிய பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், இறங்கியிருந்த ஷட்டர்களைப் பார்த்தாள். வண்டி நகர்ந்து போய்விட்டது.

'மோப்பம் பிடிக்க வந்திருக்கிறார்கள். நாம்தான் சிக்கவில்லை' என்று டெஸ்மண்ட் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்று இரவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போனது. குன்று முழுவதும் ஒரே இருட்டு. டெஸ்மண்ட் மெழுகுவர்த்தியைத் தேடி எடுப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது. வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் டிவியைப் பின்வாசல் முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தை நன்றாக ஏற்றி வைப்பது வழக்கம். மறுநாள் முழுக்க அங்கேதான் இருந்தார். இங்கிலாந்து ஆடிய டெஸ்ட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பெரில் தண்ணீர் ஊற்ற வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் வாசல் ஜெரேனியம் பூச்செடி தலை தொங்கிக் கிடந்தது. டெஸ்மண்ட் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 'இங்கிலாந்துக்குப் போயிருப்பாள்' என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அதை நம்பினால் தெருவைத் தாண்ட வேண்டியதில்லை.

மறுநாள் காலை தேநீரை வைத்துவிட்டு லோலி கேட்டாள். "உங்க எதிர்வீட்டு அம்மா ரொட்டி எடுக்க வரவே இல்லையே. நேத்து எடுத்து வச்சது அப்படியே இருக்கு."

டெஸ்மண்டின் ஸ்பானிஷ், பட்லர் இங்கிலீஷ் மாதிரி. துண்டு துண்டாகத்தான் வரும். "அவங்க இங்கிலாந்து. போச்சு."

"போறேன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"பொட்டியோட போறத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்புறம் எப்படி, போச்சுன்னு சொல்றீங்க?" லோலி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து கவுண்டர்மேல் போட்டாள். "ஒருநாள் வராட்டியும் முன்கூட்டியே வந்து சொல்ற அம்மா அது. எந்திரிங்க. போய்ப் பாத்துட்டு வருவோம்."

"நாம தட்டுறது... நல்லதா? அவங்க தனியா. தொந்தரவு."

"கதவு எதுக்குத் துரை வச்சிருக்காங்க? நடங்க."

முன்கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. லோலி கதவில் காதை வைத்தாள். டெஸ்மண்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். உள்ளே எங்கோ, பிளாஸ்டிக்மேல் விரலால் தட்டுகிற மாதிரி ஒரு ஓசை. விட்டு விட்டு வந்தது.

லோலி போன் போட்டதும் வந்த நகராட்சிப் போலீஸ்காரர் கினேஸ் பின்பக்கச் சுவரில் ஏறி, ஷட்டரை நெம்பி உள்ளே போனார். குளியலறைக்குப் போகும் நடையில் பெரில் கிடந்தாள். மின்சாரம் போன இருட்டில் ஃபியூஸ் பெட்டியைத் தேடிப் போய் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கைப்பேசி சமையலறையில் இருந்தது. செடிகளுக்காகப் பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீர் மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அதைக் கைக்குட்டையில் நனைத்து நனைத்துச் சப்பியிருக்கிறாள். அந்த வாளியைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கினேஸ் டெஸ்மண்டிடம் விவரம் கேட்டார்.

"முழுப் பேர் என்ன?"

"பெரில்."

"குடும்பப் பேர்?"

டெஸ்மண்ட் வாசற்கதவில் பெயர் ஏதும் எழுதியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"வயசு?"

"தெரியல."

"பிள்ளைங்க? சொந்தக்காரங்க யாராவது?"

"தெரியல."

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? ஆகாத மருந்து ஏதும் உண்டா? ஆம்புலன்ஸ்காரங்க கேக்குறாங்க."

"எனக்கு... தெரியல."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

"எதிர் வீடு. நிறைய வருஷம்."

கினேஸ் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நகராட்சிக்கு போன் போட்டு விலாசத்தைச் சொன்னார். சற்று நேரம் காத்திருந்தார். பிறகு லோலியின் பக்கம் திரும்பி, "அந்த வீட்டுல யாரும் இல்லங்கிறாங்க. காலி வீடாம்," என்றார்.

காலி வீட்டிலிருந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. வெயில் முகத்தில் படாமல் லோலி தன் கையை விரித்து மறைத்தபடி கூடவே நடந்தாள். டெஸ்மண்ட் ஜெரேனியத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்துவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவமனை நகரத்தில் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, பேச முடிகிற அளவுக்கு அவள் தேறிய பிறகுதான் டெஸ்மண்டுக்குப் போகத் துணிச்சல் வந்தது. இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஸ்பானிஷ் அம்மாள். அவளைச் சுற்றி மகள்கள், மருமகன், யாரோ ஒரு சின்னம்மா. நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டில் எல்லாம் ஆட்கள். ஒருத்தி பீச் பழத்தை நறுக்கி முதல் துண்டைத் தன் அம்மாவுக்கும் இரண்டாவது துண்டைப் பெரிலுக்கும் ஊட்டினாள். பெரில் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அவர்கள் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

"வாங்க டெஸ்மண்ட். உக்காருங்க. பாருங்க, இங்க வந்ததும் எனக்கு ஒரு குடும்பமே கிடைச்சிருச்சு."

அவர் கொண்டுவந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "நான் அன்னைக்கு உங்கள நகராட்சிக்குப் போக வேண்டாம்னு..."

"உங்க மேல மட்டும் என்ன தப்பு. எனக்கும் புத்தி இருக்கில்ல, போயிருக்கலாம்ல." அவள் மேற்கூரையைப் பார்த்துப் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. "உண்மையச் சொல்லணும்னா, பேர் பதியுறது கூட எனக்குப் பெரிசா இல்ல. யாரோடவாவது ஒரு காலையில வெளிய போயிட்டு வரணும்னு இருந்துச்சு. போற வழியில ரெண்டு வார்த்தை பேசலாம். திரும்பி வரும்போது எங்கயாவது உக்காந்து ஒரு காபி குடிக்கலாம். வெறுமனே வாங்கன்னு கூப்பிட வெக்கமா இருந்துச்சு. அதான் அந்தக் காகிதத்தையெல்லாம் தூக்கிட்டு வந்தேன்."

டெஸ்மண்ட் பூவை மடியில் வைத்துக்கொண்டார்.

"விழுந்ததும் உங்களத்தான் கூப்பிட்டேன்," என்றாள். "குரல் வந்தவரைக்கும் கூப்பிட்டேன். உங்க டிவி சத்தம் எனக்கு நல்லா கேட்டுச்சு. அடுத்த நாள் பூரா கிரிக்கெட். யாரோ அவுட் ஆனாங்க, நீங்க கை தட்டினீங்க. பரவால்ல, மனுஷன் பக்கத்துலதான் இருக்காருன்னு அதுவே ஒரு தெம்பா இருந்துச்சு. அப்புறம் ராத்திரி நீங்க அணைச்சிட்டீங்க. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்மண்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவர், அவள் கையைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் பார்வை நேரம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். யாரோடும் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் பெரிலின் அண்ணன் மகள் இங்கிலாந்திலிருந்து வந்தாள். தனியாக இனி விட முடியாது என்று, தன் ஊருக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்து அழைத்துக்கொண்டு போனாள். கென்னின் கல்லறைக்கு ஒருமுறை போய்விட்டு வரப் பெரில் ஆசைப்பட்டாள். விமானத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. எதிர்வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை ஏறியது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் டெஸ்மண்ட் வாசலுக்கு வந்து நிற்பார். கையை உயர்த்துவதற்கு எதிரே யாரும் இல்லை. டிவியைப் போட்டால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். குறைத்துவிட்டு, வெளியே ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருப்பார். ஒரு இரவு அவருக்கு நெஞ்சு அடைப்பது போல் இருந்தது. வாயுத் தொல்லைதான், விடிவதற்குள் சரியாகிவிட்டது. ஆனால் சரியாகும்வரை அவர் நினைத்தது ஒன்றுதான்: இப்போது நான் விழுந்தால் யாருக்குத் தெரியும்? நகராட்சிக்கு இதுவும் காலி வீடு. தங்கைக்கு நான் ஒரு விலாசம். லோலி மட்டும் மறுநாள் தேநீரை வைத்துக்கொண்டு பார்ப்பாள். அதுவும் கடை திறக்கிற நாளாக இருந்தால்.

திங்கட்கிழமை காலை அவர் பாஸ்போர்ட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். பத்ரோன் என்று அவர்கள் சொல்லும் குடியிருப்போர் பதிவுக்கு ஒரே ஒரு கவுண்டர். அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் என்கார்னி. அவள் பத்திரத்திலிருந்த விலாசத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்தத் தெருவா? அந்த அம்மா வீட்டுக்கு எதிர்ல?"

"ஆமாம்."

"இந்த வீடு வாங்கி இத்தனை வருஷம் ஆச்சே. இப்பத்தான் வரணும்னு தோணுச்சாக்கும்?"

வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்த ஸ்பானிஷ் வாக்கியங்கள் அவருக்கு மறந்துபோயின. நினைவுக்கு வந்த வார்த்தைகளை அடுக்கினார்.

"எனக்குப் பயம். பேர் குடுத்தா நீங்க பிடிச்சுக்கும். அப்படி நினைச்சேன். பேர் இல்லன்னா தேட ஆளும் இல்ல. அது நினைக்கல. என் விஷயம், அது என்னோட போகட்டும். அவங்களுக்கும் நான்தான் சொன்னேன். வேண்டாம்னு, நான் சொன்னேன்."

என்கார்னி கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கு அந்த வண்டிய ஓட்டிட்டு வந்தது நான்தாங்க. அவங்க வாசல்ல மெதுவாக்கினேன். பட்டியல்ல பேர் இல்ல. ஷட்டர் எல்லாம் இறங்கியிருந்துச்சு. ஊருக்குப் போயிட்ட வீடுன்னு நினைச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் விழுந்தாங்களாம். ஒரு நிமிஷம் இறங்கி, தட்டி, ஒரு நம்பர் குடுத்துட்டு வந்திருந்தா, மறுநாள் போன் பண்ணியிருப்போம். எடுக்கலன்னா ஓடி வந்திருப்போம். எனக்கும் இன்னும் தூக்கம் சரியா வரல."

டெஸ்மண்ட் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். ஷட்டர் இடுக்கு வழியாகத் தான் பார்த்துச் சிரித்த பெண் இவள்தான் என்பது அவருக்கு உறைத்தது.

"நான் பாத்தேன்," என்றார். "நீங்க போறத. உள்ள இருந்து பாத்தேன். அவங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டுச் சொல்லல."

என்கார்னி அவரைத் திட்டவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "பேர் பதியுறதுன்னா எங்களுக்கு அடிமைச் சீட்டு எழுதிக் குடுக்கிறது இல்லைங்க ஐயா. நான் இங்க இருக்கேன், என்னையும் சேத்துக்கோங்கன்னு ஊருக்குச் சொல்றது. எத்தனை டாக்டர் வேணும், பஸ் எதுவரைக்கும் போகணும், அனல் அடிச்சா யார் வீட்டுக்கு ஓடணும், எல்லாம் அத வச்சுத்தான் நடக்குது. சொல்லாத வீடு எங்களுக்குப் பூட்டின வீடு. ஆனா எதிர்வீட்டுக்காரருக்கு அது பூட்டின வீடு இல்லையே. உள்ள ஆள் இருக்கிறது அவருக்குத் தெரியும்ல. இருக்கிற ஊர்ல பேரும் குடுக்கணும், பக்கத்துல இருக்கிற கதவையும் தட்டணும். எங்க கண்ணு தப்பினா உங்க கண்ணு இருக்கணும். ரெண்டும் தப்பினதாலதான் அந்த அம்மா அங்க கிடந்தாங்க."

"ஆமாம்," என்றார் டெஸ்மண்ட். "ரெண்டும் தப்பு."

அவள் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு ஏற்றினாள். கையெழுத்துப் போட்டார். அவ்வளவு வருடம் பயந்த காரியம், ஒரு தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எழுந்தவர் தயங்கி நின்றார்.

"எங்க குன்றுல, இப்போ, தனியா யார் யார்? பட்டியல் குடுங்க. நான் பாக்கிறேன்."

"அத நான் காட்டக் கூடாது. சட்டம் விடாது." அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "பட்டியல் எதுக்கு? பாதிப் பேர் அதுல இருக்கவும் மாட்டாங்க. உங்களுக்குக் கால் இருக்கு, கை இருக்கு. தட்டிப் பாருங்க."

மத்தியான வெயிலில் டெஸ்மண்ட் குன்றின் மேல் வந்து சேர்ந்தார். தன் வீட்டுக்குள் போகவில்லை. தெருவின் கடைசியில், பச்சைக் கதவு போட்ட வீடு ஒன்று இருந்தது. ராத்திரிகளில் அங்கே விளக்கு எரிவதை அவர் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினார்.

நெடுநேரம் கழித்துச் செருப்பு இழுபடும் சத்தம் வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. நரைத்த தாடியோடு ஒரு முதியவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்ன வேணும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. நாலு வீடு தள்ளி இருக்கேன், பேர் டெஸ்மண்ட். நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இருக்கேன்," என்றார். பிறகு கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து, வழிவிட்டு நின்றார்.